ஆக்கப் பொறுத்தல்

ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பது தமிழர் நாவில் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் பழமொழி. அடுப்பில் உணவு வேகும்வரை காத்திருந்தவன், இலையில் இட்டபின் அது ஆறும்வரை காத்திருக்க மாட்டாமல் நாவைச் சுட்டுக்கொண்டான் என்று அப்பழமொழி நகைக்கிறது. இன்றோ அந்நகைப்புக்கும் இடமில்லாமற் போயிற்று. ஆறப் பொறுப்பது ஒருபுறம் இருக்க, ஆக்கப் பொறுப்பவரே அருகிவிட்டனர். சில நிமிடங்களில் குழம்பு, சில நிமிடங்களில் பிரியாணி என்று பறைசாற்றும் பொட்டலங்கள் கடைத்தட்டுகளை நிறைத்திருக்கின்றன. விரைவே சிறப்பு என்னும் எண்ணம் சமையலறைக்குள் புகுந்து, அங்கே ஆட்சி செலுத்தி வருகிறது.

இவ்வெண்ணம் ஏற்கத்தக்கதா என்பதை ஆராய்தல் வேண்டும். அதற்குத் தமிழர் வீட்டுக் குழம்பையே எடுத்துக்கொண்டால் வழக்கு நேர்மையாக நடவாது. தாயின் கைப்பக்குவம் என்னும் பாசம் ஒவ்வொருவர் தீர்ப்பையும் ஒருபக்கம் சாய்த்துவிடும். ஆகவே, பாசம் குறுக்கிடாத அயல்நாட்டு உணவொன்றை நடுவில் நிறுத்தி வழக்கை நடத்துவதே முறை. இத்தாலி நாட்டின் அப்ருத்சோ வட்டாரத்தில் ஈஸ்டர் திருநாளில் ஆக்கப்படும் ஆட்டுக்குட்டி இறைச்சிச் சமையல் அதற்கு மிகவும் ஏற்றது. ‘அஞ்ஞெல்லோ காச்சோ எ ஓவா’ என்பது அதன் பெயர். பாலாடைக்கட்டியும் முட்டையும் சேர்ந்த ஆட்டுக்குட்டி என்பது அப்பெயரின் பொருள். இறைச்சியைச் சிவக்க வறுத்து, சிறிதளவு திராட்சை மதுவும் நீரும் வார்த்து, சட்டியை மூடிச் சிறுதீயில் நெடுநேரம் வேகவைத்து, இறுதியில் முட்டையும் பாலாடைக்கட்டியும் கலந்து இறக்குவர். செய்முறை இவ்வளவே. ஆயினும், இந்த எளிய சமையல் மூன்று தரப்பாரின் கையில் சிக்கிச் சீரழிகிறது. விரைவு வேண்டுவோர் ஒரு தரப்பார். அதனை ஆடம்பரமாக்கி விற்போர் மற்றொரு தரப்பார். அதன் பெருமையை வாயாரப் புகழ்ந்துவிட்டு, அடுப்பருகே வாராதோர் மூன்றாம் தரப்பார். இம்மூவரில் யார் பெருங்குற்றவாளி என்பதே இங்கு ஆராய்தற்குரியது.

இடையர் மலையில் பிறந்த உணவு

அப்ருத்சோ, இத்தாலியின் நடுப்பகுதியில் அப்பெனைன் மலைத்தொடரைச் சார்ந்து கிடக்கும் நிலம். பனி மூடும் குளிர்காலத்தில் அங்கே ஆடுகளுக்கு மேய்ச்சல் இல்லை. ஆதலின், இடையர்கள் இலையுதிர்காலத்தில் மந்தைகளை ஓட்டிக்கொண்டு தெற்கே புல்யா சமவெளிக்கு இறங்குவர். கோடை தொடங்கும்முன் மீண்டும் மலையேறுவர். மந்தைகள் செல்வதற்கென்றே ‘திரத்தூரோ’ எனப்படும் அகன்ற புல்வழிகள் இருந்தன. லாக்குவிலாவிலிருந்து ஃபோஜா வரை சென்ற வழி ஏறத்தாழ 244 கிலோமீட்டர் நீளமும் 111 மீட்டர் அகலமும் கொண்டது. 1447-ஆம் ஆண்டில் அரகான் மரபைச் சேர்ந்த அல்போன்சோ மன்னர் இந்த மந்தைப் போக்குவரத்துக்கு வரி விதித்து, அதனை ஆள்வதற்கெனத் தனி ஆட்சியமைப்பையே ஏற்படுத்தினார். 1806-ஆம் ஆண்டுவரை அவ்வமைப்பு நிலவியது. இவ்வாறு பருவத்திற்கேற்ப மந்தையை இடம்பெயர்க்கும் வழக்கத்தை யுனெஸ்கோ 2019-ஆம் ஆண்டில் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலிட்டது.

வரி அரசனுக்குச் சென்றது. கம்பளியின் செல்வம் மந்தைக்கு உடையவருக்குச் சென்றது. இடையனுக்கு எஞ்சியது என்ன? வழியில் கால் முறிந்த ஆடு, பால் வற்றிய கிழ ஆடு ஆகியவற்றின் இறைச்சியே பெரும்பாலும் அவன் சட்டிக்கு வந்தது. அவ்விறைச்சி எளிதில் வேகாது. செப்புக் கொப்பரையில் இட்டு, பல மணி நேரம் நெருப்பின்மீது வைத்தால்தான் பல்லுக்கு இணங்கும். ‘பேக்கொரா அல்லா கல்லாரா’ என்னும் பெயரில் அவ்வட்டாரத்தில் இன்றும் ஆக்கப்படும் கொப்பரைச் சமையல் அவ்வழி வந்ததே.

ஈஸ்டர்க் குட்டிச் சமையலும் அதே மந்தையின் கணக்கிலிருந்து பிறந்தது. பெட்டைக் குட்டி வளர்ந்து பால் தரும். கிடாய்க் குட்டி பால் தராது. அது குடிக்கும் பாலோ பாலாடைக்கட்டிக்குத் தேவை. ஆதலின், இளவேனிலில் கிடாய்க் குட்டிகள் இறைச்சியாயின. அக்குட்டிக்கு மறுக்கப்பட்ட பால், பெக்கொரினோ என்னும் ஆட்டுப்பாலாடைக்கட்டியாகி, அதே சட்டியில் இறுதியில் வந்து சேர்கிறது. ஒரு மந்தையின் வாழ்வு முழுவதும் ஒரே சட்டியில் அடங்கியிருப்பதை இவ்வுணவில் காணலாம். இதனைச் செல்வர் கண்டுபிடித்த சுவை என்று கூறுவோர் வரலாறு அறியாதவரே ஆவர். வறியவனிடம் பொருள் இல்லை. விறகும் காலமும் இருந்தன. பொருளால் ஆகாததைக் காலத்தால் ஆக்கிக்கொண்டான்.

சட்டிக்குள் நிகழ்வது என்ன?

விரைவு வேண்டுவோர்க்கு விடை கூறுமுன், நேரம் இச்சட்டியில் என்ன வேலை செய்கிறது என்பதை அறிதல் வேண்டும். வேலை செய்யாமல் சும்மா கழியும் நேரமாயின், அதனைக் குறைப்பதில் தவறில்லை அன்றோ?

இச்சமையலுக்கு ஏற்றது ஆட்டின் தோள்பகுதி. நாள்தோறும் நடந்து உழைத்த தசை அது. ஆதலின் இணைப்புத்திசு மிகுந்தது. அத்திசுவில் உள்ள கொலாஜன் என்னும் புரதமே இறைச்சியை முரடாக்குகிறது. ஏறத்தாழ 70 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட ஈரவெப்பத்தில் நெடுநேரம் இருந்தால், கொலாஜன் சிறிது சிறிதாகக் கரைந்து ஜெலட்டின் என்னும் வழுவழுப்பான பொருளாக மாறும். இறைச்சி மென்மையாவதும், சாறு உதட்டில் ஒட்டுமாறு செறிவதும் அதனால்தான். இம்மாற்றம் ஒரு கணத்தில் நிகழ்வதன்று. மறுபுறம், தசைநார்கள் வெப்பம் ஏறஏறச் சுருங்கித் தம்மிடமுள்ள நீரைப் பிழிந்து வெளியேற்றும். ஆகவே, நீர் கொந்தளிக்கக் கொதிக்கவிட்டால், கொலாஜன் கரையுமுன் தசை உலர்ந்து நாராகிவிடும். சாறு மெல்லென நடுங்கிக்கொண்டிருக்கும் அளவிலேயே தீ நிற்றல் வேண்டும். சிறுதீ என்பது சோம்பலின் அடையாளம் என்று எண்ணுவோர் இதனைக் கருதுவாராக.

முதலில் இறைச்சியை வறுப்பதற்கும் காரணம் உண்டு. வறுப்பதனால் மேற்பரப்பு மூடிக்கொள்கிறது, சாறு உள்ளேயே நின்றுவிடுகிறது என்று ஜெர்மானிய வேதியியலறிஞர் லீபிக் 1847-ஆம் ஆண்டில் கூறினார். அறிஞர் கூற்றாயினும் அது பிழையானது. வறுத்த இறைச்சியும் சாறு விடுகிறது என்பதை எந்தச் சட்டியும் காட்டிவிடும். வறுத்தலின் உண்மைப் பயன் வேறு. உலர்ந்த மேற்பரப்பில் கடும் வெப்பம் படும்போது புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து நூற்றுக்கணக்கான மணப்பொருள்களைத் தோற்றுவிக்கின்றன. பிரெஞ்சு அறிஞர் மயார் 1912-ஆம் ஆண்டில் இவ்வினையை விளக்கினார். ஈரமான இறைச்சியை ஒரே குவியலாகச் சட்டியில் கொட்டினால், நீராவி எழுந்து வெப்பத்தைத் தணித்துவிடும். நிறமும் வாராது, மணமும் வாராது. துணியால் ஒற்றி உலர்த்தி, இரண்டு மூன்று தவணையாகப் பிரித்து வறுப்பதற்குப் பதினைந்து இருபது நிமிடம் ஆகும். அந்நிமிடங்களைத் திருடியவன் சுவையைத் திருடியவனே.

செய்முறை

ஆறு பேருக்கு ஒன்றரைக் கிலோ தோள்பகுதி இறைச்சி போதும். ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வரும் குளிரூட்டிய செம்மறியாட்டுத் தோளை மலேசிய, சிங்கப்பூர்க் கடைகளில் வாங்கலாம். அதனை மூன்று விரல் அகலத் துண்டுகளாக்கி, உப்பும் மிளகும் தடவி அரைமணி நேரம் வைத்தல் வேண்டும். அடி கனத்த சட்டியில் மூன்று மேசைக்கரண்டி ஒலிவ எண்ணெய் காய்ந்ததும், துண்டுகளைத் தவணை தவணையாகச் சிவக்க வறுத்து எடுத்து வைத்தல் வேண்டும். அதே எண்ணெயில் பொடியாக அரிந்த பெரிய வெங்காயம் ஒன்றையும், நசுக்கிய பூண்டு இரண்டு பல்லையும், ரோஸ்மேரித் தழை ஒரு கொத்தையும் இட்டுச் சிறுதீயில் வதக்க வேண்டும். வெங்காயம் கருகலாகாது.

பின்னர் இறைச்சியை மீண்டும் இட்டு, 200 மில்லிலிட்டர் வெள்ளைத் திராட்சை மது வார்த்து, அதன் காரமணம் போகும்வரை கொதிக்கவிட வேண்டும். மதுவை விலக்குவோர் அதற்கு ஈடாக வெந்நீரும், சிறிது எலுமிச்சைச் சாறும் சேர்க்கலாம். சட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பு நிறப் படிவை மரக்கரண்டியால் சுரண்டிக் கரைத்துவிடுதல் இன்றியமையாதது. மணத்தின் பெரும்பகுதி அங்கேதான் தங்கியிருக்கிறது. துண்டுகளின் பாதி உயரம்வரை நீர் நிற்குமாறு பார்த்து, மூடி இட்டு, மிகச் சிறிய தீயில் இரண்டு மணி நேரம் விட வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை திறந்து, துண்டுகளைப் புரட்டி, நீர் வற்றியிருந்தால் ஓர் அகப்பை வெந்நீர் வார்த்தால் போதும். கரண்டியின் விளிம்பு பட்டதும் இறைச்சி பிளவுபட வேண்டும். அதுவே பதம்.

இறுதிக் கட்டமே தேர்வு. மூன்று முட்டையையும், துருவிய பெக்கொரினோ 60 கிராமையும், அரை எலுமிச்சையின் சாற்றையும் கலந்து அடித்துக்கொள்ள வேண்டும். சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி, கொதிப்பு முற்றும் அடங்கிய பின்னரே அக்கலவையை ஊற்றிக் கிளற வேண்டும். முட்டை ஏறத்தாழ 70 பாகையைக் கடந்தால் இறுகத் தொடங்கும். கொதிக்கும் சாற்றில் ஊற்றினால், பட்டுப்போன்ற குழம்புக்குப் பதிலாகத் திரிந்த முட்டைத் துணுக்குகளே மிஞ்சும். இரண்டரை மணி நேரம் பொறுத்தவன் இரண்டு நிமிடம் பொறுக்க மாட்டாமல் அனைத்தையும் இழப்பது இங்கேதான்.

விரைவு வேண்டுவோர் வாதம்

இவ்வளவையும் கேட்டபின், “பிரஷர் குக்கர் இருக்க இத்தனை பாடு எதற்கு?” என்பார் உளர். அவர் வாதத்தில் உண்மையே இல்லை என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. குக்கர் நேற்று வந்த பொருளன்று. தெனி பாப்பேன் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1679-ஆம் ஆண்டிலேயே, எலும்பையும் மென்மையாக்கும் அழுத்தக் கலன் ஒன்றை இலண்டனில் செய்துகாட்டினார். இன்றைய குக்கரில் வெப்பம் 120 பாகை வரை ஏறுகிறது, கொலாஜன் அரைமணி முக்கால் மணியில் கரைந்துவிடுகிறது, எரிபொருளும் மிச்சமாகிறது. பருப்புக்கும் கடலைக்கும் அதனினும் நல்ல கலன் இல்லை. இவை அனைத்தும் உண்மை.

ஆயினும், மென்மை ஒன்றே சமையல் ஆகிவிடாது. இறுக மூடிய கலத்தில் ஆவி வெளியேறாது; ஆதலின் சாறு சுண்டாது. இறைச்சி வெந்திருக்கும்; குழம்போ நீர்த்திருக்கும். அதனைத் தனியே சுண்டவைக்க முனைந்தால், மிச்சமான நேரத்தில் ஒரு பகுதி மீண்டும் செலவாகும். மேலும், குக்கருக்குள் நடப்பதைக் கண் காணாது, மூக்கு அறியாது, நா சுவைக்காது. ஐந்து நிமிடம் கூடினாலும் இறைச்சி நார்நாராகக் கலைந்துவிடும். மூடிய சட்டியை அரைமணிக்கு ஒருமுறை திறந்து பார்ப்பவர், உப்பு எப்பொழுது கூடுகிறது, வெங்காயம் எப்பொழுது கரைகிறது, கொழுப்பு எப்பொழுது மேலே மிதக்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் கற்றுக்கொள்கிறார். விசில் எண்ணிச் சமைப்பவர் கற்றுக்கொள்வது எண்ணிக்கையை மட்டுமே.

கணக்குப் பார்த்தாலும் விரைவு வேண்டுவோர் தோற்பர். நறுக்குவதும் வறுப்பதும் இறக்குவதும் சேர்ந்து முக்கால் மணி நேர வேலை. எஞ்சிய இரண்டு மணி நேரமும் சட்டியின் வேலை; மனிதரின் வேலை அன்று. அந்நேரத்தில் மாணவர் பாடம் படிக்கலாம். ஆசிரியர் ஏடு திருத்தலாம். முட்டை சேர்க்கும் கட்டத்திற்கு முன்புவரை முதல்நாளே சமைத்து, ஆறவைத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு, மறுநாள் மேலே உறைந்த கொழுப்பை நீக்கிச் சூடாக்கினால் சுவை குறைவதில்லை. கூடுகிறது என்பாரே பலர். ஆகவே, நேரமில்லை என்னும் கூச்சல் பெரும்பாலும் ஆராயாமல் எழுப்பப்படும் கூச்சல். திரையின்முன் இரண்டு மணி நேரம் அமர்ந்திருப்பவர், அடுப்பில் இரண்டு மணி நேரம் சட்டி இருப்பதைப் பொறுக்க மாட்டேன் என்பது விந்தையிலும் விந்தை.

விற்போர் செய்யும் மாயம்

இரண்டாம் தரப்பார் இன்னும் சூழ்ச்சியானவர். ‘மெல்லச் சமைத்தது’ என்னும் சொல்லையே விலைச்சீட்டாக ஒட்டி, இடையன் சட்டியில் கிடந்த உணவை வெள்ளைத் துணி விரித்த மேசைக்கு ஏற்றிவிடுகின்றனர். பெரிய தட்டின் நடுவில் சிறிய துண்டு; அதன்மேல் நான்கு தழை; அதற்கு ஒரு நாட்கூலி விலை. வீட்டில் இதனை ஆக்க இயலாது, அதற்கெனப் பயின்ற கையும் தனியான அடுப்பும் வேண்டும் என்னும் அச்சத்தை விதைத்து, அவ்வச்சத்தையே அறுவடை செய்கின்றனர். இதற்கு வேண்டிய கருவிகள் கனத்த சட்டி ஒன்று, பொருந்திய மூடி ஒன்று, மரக்கரண்டி ஒன்று. இவை இல்லாத தமிழர் வீடு உண்டா?

இறைச்சியைப் பொறுத்தவரையிலும் இதே மயக்கம். விலை உயர்ந்த விலாப்பகுதியே சிறந்தது என்று எண்ணி அதனை வாங்கி இரண்டு மணி நேரம் வேகவைப்போர் உண்டு. உழைக்காத தசையில் கரைவதற்குக் கொலாஜன் மிகுதியாக இல்லை. ஆதலின் அது மென்மையாவதற்குப் பதிலாக உலர்ந்து சக்கையாகிறது. மலிவான தோளும் கணைக்காலும் கொடுக்கும் சாற்றை, விலையுயர்ந்த விலா ஒருநாளும் கொடாது. பணத்தால் வெல்ல முடியாத இடம் சமையலறையில் ஒன்றேனும் உண்டு என்பதற்கு இதுவே சான்று.

மூன்றாம் தரப்பாரின் புகழுரை

இத்துடன் வழக்கை முடித்து, “பொறுமையே பெரிது, மெல்லச் சமைப்பீர்!” என்று அறிவுரை கூறிவிடுதல் எளிது. பலர் அதனையே செய்கின்றனர். 1986-ஆம் ஆண்டில் உரோமை நகரின் ஸ்பானியச் சதுக்கத்தில் அமெரிக்க விரைவுணவகம் ஒன்று திறக்கப்பட்டபோது இத்தாலியில் எதிர்ப்புக் கிளம்பியது. கார்லோ பெத்ரீனி முன்னின்று நடத்திய அவ்வியக்கம் ‘ஸ்லோ ஃபூட்’ என்னும் பெயரில் வளர்ந்து, 1989-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் தன் கொள்கை அறிக்கையை வெளியிட்டது. விரைவின் அடிமைத்தனத்தை எதிர்த்த அக்குரல் பாராட்டுக்குரியது. ஆயினும், மெல்லச் சமைத்தலைப் புகழும் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அடுப்பருகே நிற்பவர் யார்?

இக்கேள்விக்கு இத்தாலிய வரலாறே ஒரு சான்று தருகிறது. பெல்லெக்ரீனோ அர்த்தூசி என்பார் 1820-ஆம் ஆண்டில் ஃபோர்லிம்போபோலி என்னும் ஊரில் பிறந்து, ஃபிளாரன்ஸ் நகரில் வணிகத்தால் பொருளீட்டியவர். 1891-ஆம் ஆண்டில் தம் சொந்தச் செலவில் ‘சமையலறையில் அறிவியலும் நன்றாக உண்ணும் கலையும்’ என்னும் பொருள்படும் தலைப்பில் நூலொன்று வெளியிட்டார். 475 செய்முறைகளுடன் தொடங்கிய அந்நூல், 1911-ஆம் ஆண்டில் அவர் மறைவதற்குள் 790 செய்முறைகளாகப் பெருகியது. பல ஊர் வாசகர்கள், சிறப்பாகப் பெண்கள், மடல்வழி எழுதிய செய்முறைகளும் குறிப்புகளும் அதில் சேர்ந்தன. பிரெஞ்சுச் சொற்கள் மலிந்திருந்த சமையல் எழுத்தை விலக்கி, வீட்டில் வழங்கும் தெளிந்த இத்தாலிய நடையில் அவர் எழுதினார். 1861-ஆம் ஆண்டில் அரசியலால் ஒன்றான நாடு, பேச்சால் இன்னும் ஒன்றாகாதிருந்த காலம் அது. நாட்டு ஒருமைப்பாட்டுக்கு மன்சோனியின் புகழ்பெற்ற புதினத்தினும் அர்த்தூசியின் சமையல் நூல் மிகுதியாகப் பணியாற்றியது என்று பியரோ காம்பொரேசி என்னும் ஆய்வாளர் மதிப்பிட்டார். மொழி கற்பிப்போர் மறவாது நினைக்கத்தக்க செய்தி இது. அடுக்களைச் சொல்லும் மொழியை ஆக்கும்.

ஆயின், அச்செய்முறைகளைச் சட்டியில் இட்டுச் சரிபார்த்தவர் யார்? பிரான்செஸ்கோ ருஃபீல்லி என்னும் சமையற்காரரும், மரியெத்தா சபாத்தினி என்னும் பணிப்பெண்ணுமே அர்த்தூசியின் வீட்டில் அடுப்பருகே நின்றவர்கள். ஒன்று கூறவேண்டும், அர்த்தூசி நன்றி மறந்தவரல்லர். ஓர் இனிப்பு ரொட்டிக்கு மரியெத்தாவின் பெயரையே சூட்டினார். தம் இறுதி விருப்ப ஆவணத்தில் நூலின் உரிமையை அவ்விருவருக்கும் எழுதி வைத்தார். எனினும், நூலின் அட்டையில் நின்ற பெயர் ஒன்றே. மரியெத்தாவுக்கேனும் ஓர் அர்த்தூசி வாய்த்தார். 790 செய்முறைகளுக்குப் பின்னாலும், அவற்றுக்கு முன்னாலும், பெயர் தெரியாமல் சட்டியைக் காத்த எண்ணற்ற பெண்களுக்கு வாய்த்தவர் யார்?

மாலையில் வேலை முடிந்து களைத்து வீடு திரும்பும் பெண்ணிடம் சென்று, பொறுமையின் மாண்பை எடுத்துரைப்பது அறிவுரை ஆகாது, கொடுமையே ஆகும். அவள் குக்கரை நாடுகிறாள் என்றால் அது அவளுடைய பொறுமையின்மை அன்று. அவளுக்கென்று விடப்பட்ட நேரம் அவ்வளவே. ஒரு வீட்டில் நால்வர் இருக்க, மூவர் பசியோடு காத்திருந்து ஒருவர் மட்டும் அடுப்போடு போராடுவாராயின், அங்கே நேரமில்லை என்பது கணக்குப் பிழை. நால்வர் நேரத்தையும் கூட்டிப் பார்த்தால் அவ்வீட்டில் நேரம் நிறையவே இருக்கிறது, பங்கீடுதான் இல்லை. மெல்லச் சமைத்த உணவின் பெருமையை மேடையில் பேசிவிட்டு, வீட்டில் தட்டின்முன் அமர்ந்து “இன்னும் ஆகவில்லையா?” என்று குரல் கொடுப்பவரே இவ்வழக்கின் பெருங்குற்றவாளி. விரைவு வேண்டுவோன் தன் நேரத்தைச் சேமிக்க முனைகிறான். விற்போன் நேரத்தை விலைக்கு விற்கிறான். புகழ்வோனோ பிறர் நேரத்தைத் தன்னுடையதுபோல் வாரி வழங்குகிறான்.

எழுதுவோர் கடமை

இக்குற்றத்தில் தமிழ்ச் சமையல் எழுத்துக்கும் பங்குண்டு. “தேவையான அளவு உப்பு, தேவையான அளவு நீர், இறைச்சி வேகும்வரை வேகவைக்கவும்” என்று எழுதி முடிப்பது வழக்கமாகிவிட்டது. எவ்வளவு நேரம், எவ்வளவு தீ, எந்தப் பதம், எத்தனை முறை திறந்து பார்ப்பது என்பன எழுதப்படுவதில்லை. ‘வேகும்வரை’ என்னும் ஒரு சொல்லுக்குள் இரண்டு மணி நேர உழைப்பு புதைக்கப்படுகிறது. எழுதப்படாத உழைப்பு எண்ணப்படாத உழைப்பாகிறது. எண்ணப்படாத உழைப்பைப் பகிர்ந்துகொள்ள எவரும் முன்வாரார். அறிந்தவர்க்கே விளங்குமாறு எழுதப்பட்ட செய்முறை, அறியாதவரை அடுப்பருகே வரவிடாமல் தடுக்கிறது. வகுப்பறையில் செய்முறைக் கட்டுரை எழுதப் பயிற்றும் ஆசிரியர்கள், நேரத்தையும் பதத்தையும் செய்வோர் வேலையையும் ஒன்றுவிடாமல் எழுதுமாறு மாணவரைப் பழக்குதல் வேண்டும். அது மொழிப்பயிற்சியும் ஆகும், அறப்பயிற்சியும் ஆகும்.

மெல்லச் சமைத்தல் கைவிடத்தக்கதன்று. மலிவான இறைச்சியை மாண்புள்ள உணவாக்கும் அறிவு அது. பொருளற்றவர் காலத்தைக் கொண்டு தேடிய செல்வம் அது. ஆயின், அச்செல்வத்தை ஒருவர் முதுகில் ஏற்றிப் பலர் உண்ணுதல் தகாது. அப்ருத்சோவின் ஆட்டுக்குட்டியாயினும், தமிழர் வீட்டு ஆட்டுக்கறியாயினும், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஒன்றைக் குடும்பம் முழுவதும் அதற்கு ஒதுக்கட்டும். ஒருவர் நறுக்கட்டும், ஒருவர் வறுக்கட்டும், அரைமணிக்கு ஒருமுறை மூடியைத் திறக்கும் முறை மகனுக்கும் வரட்டும், மகளுக்கும் வரட்டும், தந்தைக்கும் வரட்டும். முட்டை ஊற்றும் அந்த இரண்டு நிமிடமேனும், இதுவரை கரண்டி பிடித்தறியாத கையில் கரண்டி இருக்கட்டும். முட்டை திரிந்துபோனால் போகட்டும். திரிந்த குழம்பை உண்டவர், அடுத்தமுறை ‘இன்னும் ஆகவில்லையா’ என்று கேட்க மாட்டார்.